மலிவும் மனச்சான்றும்

பொருளை அளவறிந்து செலவிடுதல் நற்பண்பு என்பதை மறுப்பார் எவரும் இலர். வருவாய்க்கேற்ப வாழும் குடும்பம் பிறர் கையை எதிர்பார்ப்பதில்லை. கடன்பட்டுக் கலங்குவதும் இல்லை. அதனாலேயே பெற்றோர் பிள்ளைகளுக்கும் ஆசிரியர் மாணவர்களுக்கும் சிக்கனத்தை ஓர் அறமாகவே கற்பித்து வருகின்றனர். மலிவான துணியை வாங்கியவன், அது விரைவில் கிழிந்தால் தானே வருந்துகிறான். மலிவான காலணியை வாங்கியவன் தன் கால் கடுக்கவே நடக்கிறான். சேமித்தவனும் அவனே, இழந்தவனும் அவனே. கணக்கு அவனோடு முடிந்துவிடுகிறது. ஆனால், ஒருவன் சேமிக்க, அச்சேமிப்பால் வரும் துன்பத்தை மற்றோர் உயிர் ஏற்குமாயின், அதனையும் சிக்கனம் என்று அழைத்தல் தகுமா?

இவ்வினா ஏட்டளவில் பிறந்த வினா அன்று. ஐக்கிய அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில், இலையுதிர் காலம் முடிந்து குளிர் தொடங்கும் வேளையில், தோட்டா விற்கும் கடைகளின் அடுக்குகளுக்கு முன் ஆண்டுதோறும் பலர் நின்று விலைச்சீட்டுகளை ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். மான் வேட்டைக்கு எந்தக் குண்டை வாங்குவது, எவ்வளவு குறைந்த விலையில் வாங்குவது என்பதே அவர்தம் எண்ணம். கடைக்காரர்க்கு அது வணிகம். வாங்குவோர்க்குக் குடும்பச் செலவு. ஆயினும், அவ்விருவரையும் அன்றி மூன்றாவதாக ஓர் உயிரும் அந்த வாணிகத்தில் தொடர்புடையது. அதன் கருத்தை எவரும் கேட்பதில்லை, கேட்கவும் இயலாது.

இல்லினாய், ஒகையோ, அயோவா ஆகிய மாநிலங்களில் சோளமும் சோயா அவரையும் விளையும் பரந்த சமவெளிகள் உண்டு. வயலை அடுத்துச் சிறுகாடும், காட்டை அடுத்துப் பண்ணை வீடும் அங்கே காணப்படும். அந்நிலத்தில் வாழும் வெள்ளைவால் மானை வேட்டையாட, நெடுங்காலமாக ரைபிள் துப்பாக்கிக்குப் பொதுவாக இசைவு தரப்படவில்லை. ரைபிளின் கூரிய சிறுகுண்டு இலக்கைத் தவறினால் வெகுதொலைவு சென்று எவர் வீட்டுச் சுவரையேனும் துளைக்கக்கூடும் என்ற அச்சமே அதற்குக் காரணம். ஆதலின், பறவை வேட்டைக்குரிய ரவைத் துப்பாக்கியில், சிதறும் ரவைகளுக்கு மாறாக ஒரே பெருங்குண்டை இட்டுச் சுடும் வழக்கம் நிலைபெற்றது. அக்குண்டே ‘ஸ்லக்’ எனப்படும் ஒற்றைக் குண்டு. பிற்காலத்தில் ஒகையோ 2014-ஆம் ஆண்டிலும், அயோவா 2017-ஆம் ஆண்டிலும், இல்லினாய் 2023-ஆம் ஆண்டிலும் குறிப்பிட்ட சிலவகை ரைபிள்களுக்கு வழிவிட்டன. எனினும், புதிய துப்பாக்கி வாங்கும் வசதி இல்லாதோர்க்கும், தந்தை விட்டுச்சென்ற பழைய துப்பாக்கியே போதும் என்றிருப்போர்க்கும் ஒற்றைக் குண்டே துணையாக நிற்கிறது.

மலிவான ஒற்றைக் குண்டின் பிறப்பே வறுமையோடு தொடர்புடையது. முற்காலத்தில் ஏழை வேட்டைக்காரர்கள் தம் ரவைத் துப்பாக்கியில் ஈய உருண்டை ஒன்றை இட்டுச் சுட்டனர். அவ்வுருண்டை குழலின் வாயைவிடச் சிறியதாகையால், உள்ளே இங்குமங்கும் மோதிச் சென்று, வெளியே வந்தபின் எத்திசையில் போகும் என்று சொல்ல முடியாததாய் இருந்தது. 1898-ஆம் ஆண்டில் செருமானியரான வில்லெல்ம் பிரென்னெக்கே இதனினும் சிறந்த ஒரு குண்டை வடிவமைத்தார். அமெரிக்காவில் கார்ல் ஃபாஸ்டர் 1931-ஆம் ஆண்டில் மற்றொரு வடிவத்தை உருவாக்கினார். அது பொருளாதார மந்தத்தால் தொழிலாளர் வேலையிழந்து வாடிய காலம். வீட்டிலுள்ள சாதாரணத் துப்பாக்கியைக் கொண்டே மானை வீழ்த்திக் குடும்பத்தின் பசியைத் தணிக்க அக்குண்டு உதவியது. 12-ஆம் எண் துப்பாக்கிக்குரிய ஃபாஸ்டர் குண்டு பெரும்பாலும் ஓர் அவுன்சு, அதாவது ஏறத்தாழ 28 கிராம், எடையுள்ள ஈயத்தால் ஆனது. அதன் முன்பகுதி கனமானது, பின்பகுதி குழிந்தது. பூப்பந்து எவ்வாறு கனத்த தலையை முன்னிட்டுப் பறக்கிறதோ அவ்வாறே அதுவும் தலைகுப்புறாமல் செல்கிறது. வறியவனின் கைக்கு எட்டும் விலையில், முன்னையினும் துல்லியமான குண்டு கிடைத்ததனால் நன்மை அடைந்தவன் மனிதன் மட்டும் அல்லன். குறிதவறிப் புண்பட்டுக் காட்டுக்குள் மறையும் நிலையினின்று தப்பிய மான்களும் அந்நன்மையில் பங்கு பெற்றன.

பின்னாளில் ‘சேபோ’ என்னும் வேறொரு வகை வந்தது. இதில் குழலைவிடச் சிறிய குண்டு ஒன்று நெகிழியாலான உறைக்குள் பொதிந்திருக்கும். உட்புறத்தில் சுருள் வரிகள் வெட்டப்பட்ட குழலில் அது சுழன்று வெளிப்படும். வெளிவந்ததும் உறை கழன்றுவிழக் குண்டு மட்டும் நேராகச் செல்லும். ஃபாஸ்டர் குண்டைச் சாதாரணக் குழலிலிருந்து நம்பிச் சுடத்தக்க தொலைவு 50 முதல் 75 கஜம் என்றால், சேபோ குண்டுக்கு அது 100 கஜத்தையும் கடக்கும். ஆனால் இதன் விலை ஃபாஸ்டர் குண்டின் விலையைப்போல் இருமடங்கு, மும்மடங்கு என்று உயர்ந்திருக்கும். இதற்கேற்ற வரிக்குழலும் தனியே வேண்டும். வரியில்லாத குழலில் விலையுயர்ந்த சேபோவை இட்டால், அது போதிய சுழற்சி பெறாமல் தடுமாறிச் செல்லும். பொருத்தம் அறியாது கொடுத்த உயர்விலை மானுக்கும் பயன்படுவதில்லை, மனிதனுக்கும் பயன்படுவதில்லை.

இந்நிலையில் இருவகைக் குரல்கள் எழுகின்றன. ஒரு சாரார், “உயிரைப் பறிக்கத் துணிந்தவன் காசைப் பார்க்கலாகாது. கிடைப்பவற்றுள் மிகச் சிறந்த குண்டையே வாங்க வேண்டும். அஃது இயலாதவன் வேட்டைக்குப் போகாதிருத்தலே நன்று” என்பர். மற்றொரு சாரார், “ஒரு மானிலிருந்து கிடைக்கும் ஏறத்தாழ 20 கிலோ இறைச்சி குளிர்காலம் முழுவதும் ஒரு குடும்பத்துக்கு உதவும். அதற்காகக் காட்டுக்குச் செல்பவன் இறைச்சியின் விலையைவிட மிகுதியாகக் குண்டுக்குச் செலவிடுவது பேதைமை அன்றோ? எந்தக் குண்டாயினும் மான் விழுந்தால் போதும்” என்பர். முதற்குரலில் உயிரிடத்து அருள் இருக்கிறது. ஆனால் வறுமையை அறியாத செருக்கும் கலந்திருக்கிறது. இரண்டாம் குரலில் குடும்பப் பொறுப்பு இருக்கிறது. ஆனால் ‘எந்தக் குண்டாயினும்’ என்ற சொல்லில் ஓர் அலட்சியம் ஒளிந்திருக்கிறது.

அவ்வலட்சியத்தின் விளைவு யாதென அறிதல் வேண்டும். மானின் இதயமும் நுரையீரலும் அமைந்த பகுதி ஏறத்தாழ 8 அங்குல விட்டமுள்ள வட்டத்துள் அடங்கும். அங்கே பாயும் குண்டு சில நொடிகளில் உயிரைப் போக்கிவிடும். மான் சிறிது தொலைவு ஓடி வீழ்ந்துவிடும். குண்டு அதனின்று ஒரு சாண் பின்னால் விலகிக் குடலில் பாயுமாயின், மான் பல மணி நேரம் உயிரோடு துடிக்கும். வேட்டைக்காரன் உடனே பின்தொடர்ந்தால் அது அஞ்சி மேலும் ஓடும் என்பதால், அவன் நெடுநேரம் காத்திருந்தே தேடிச் செல்ல வேண்டும். காலால் நொண்டி அடர்ந்த புதருக்குள் மறைந்த மான் ஒருபோதும் கிடைக்காமலும் போகலாம். மனிதன் வெறுங்கையோடு வீடு திரும்புவான். மானோ வலியோடு இரவைக் கழிக்கும். கடையில் மிச்சமான சில காசுகளின் எஞ்சிய விலையை அங்கே அந்த மான் செலுத்துகிறது.

அவ்வாறாயின் முதற்சாரார் கூறியதே முடிவோ எனின், அன்று. துல்லியம் என்பது பெட்டிக்குள் அடைத்து விற்கப்படும் பொருள் அன்று. ஒரே வகைக் குண்டும் ஒவ்வொரு துப்பாக்கியில் ஒவ்வொரு விதமாகச் செல்லும் என்பதை வேட்டையில் பழகியவர்கள் அறிவர். ஆதலின் பருவம் தொடங்குமுன் தாள் இலக்கில் சுட்டுப் பார்த்துக் குறியைச் சரிசெய்தல் கட்டாயம். ஒற்றைக் குண்டுகள் பெரும்பாலும் ஐந்து கொண்ட சிறு பெட்டிகளாகவே விற்கப்படுகின்றன. ஒரு பெட்டி 8 டாலர் என்றும், உயர்ந்த வகைப் பெட்டி 20 டாலர் என்றும் ஓர் எடுத்துக்காட்டுக்காகக் கொள்ளலாம். கையில் 40 டாலர் மட்டுமே உள்ளவன் முதல்வகையில் 25 குண்டுகள் பெறுவான். இரண்டாம் வகையில் 10 மட்டுமே பெறுவான். இருபது குண்டுகளைப் பயிற்சிக்குச் செலவிட்டு, தன் துப்பாக்கி 50 கஜத்தில் எங்கே அடிக்கும், 75 கஜத்தில் எவ்வளவு தாழும் என்பதைத் தெளிந்து, எஞ்சிய ஐந்தோடு காட்டுக்குச் செல்பவன் ஒருவன். விலையுயர்ந்த குண்டுகளை வீணாக்க மனமின்றி இரண்டை மட்டும் சுட்டுப் பார்த்து, எட்டை அப்படியே எடுத்துச் செல்பவன் மற்றொருவன். இவ்விருவருள் மானுக்கு இரக்கம் செய்தவன் யார்? விலைச்சீட்டை மட்டும் நோக்குவோர்க்கு இரண்டாமவன் என்று தோன்றும். உண்மையில் முதலாமவனே அவ்வுயிரின் துன்பத்தைக் குறைக்க முயன்றவன்.

ஒற்றைக் குண்டின் பின்னுதைப்பு கடுமையானது. பழக்கமில்லாதவன் விசையை அழுத்தும் கணத்தில் தன்னை அறியாமலே தோளைச் சுருக்குகிறான், கண்ணை மூடுகிறான், குழல் அசைகிறது. இக்குறையை எந்த உயர்ந்த குண்டும் நீக்காது, பயிற்சியே நீக்கும். மிக மலிவான மென்ரவைத் தோட்டாக்களைக் கொண்டு கைக்கும் தோளுக்கும் பயிற்சியளித்து, வேட்டைக்குரிய குண்டைக் குறிபார்ப்பதற்கு மட்டும் பயன்படுத்துவோரும் உளர். இதுவும் சிக்கனமே. ஆனால் இச்சிக்கனம் மானின் வலியிலிருந்து எடுத்ததன்று. தன் உழைப்பிலிருந்து எடுத்தது. பொருள் குறைந்தவன் அவ்விடத்தை உழைப்பால் நிரப்புகிறான்.

உழைப்போடு அடக்கமும் வேண்டும். 50 கஜத்தில் 5 அங்குல அளவுக்குள் குண்டுகளைச் சேர்க்கும் துப்பாக்கி, 100 கஜத்தில் 10 அங்குலம் பரப்பும் என்பது எளிய கணக்கு. எட்டு அங்குல வட்டத்துக்குப் பத்து அங்குலப் பரப்பு பொருந்தாது. ஆகவே, மலிவான குண்டை ஏந்தியவன் தனக்கென ஓர் எல்லை வகுத்துக்கொள்ளக் கடமைப்பட்டவன். அந்தி மயங்கும் வேளையில், 90 கஜத்துக்கு அப்பால் கொம்பு விரிந்த கலைமான் ஒன்று வந்து நிற்கலாம். மூன்று நாள் குளிரில் காத்திருந்தவன் அவன். மறுநாள் பருவம் முடிந்துவிடும். வீட்டில் உறைபெட்டி வெறுமையாய் இருக்கிறது. அக்கணத்தில் விசையிலிருந்து விரலை எடுப்பது எளிய செயலா? ஆனால், அவன் வாங்கிய குண்டின் முழு விலை அப்போதுதான் கேட்கப்படுகிறது. கடையில் குறைத்துக் கொடுத்த தொகையை, காட்டில் சுடாமல் விடுவதன் வாயிலாகச் செலுத்துகிறான். அங்ஙனம் செலுத்த இசைபவனுக்கே மலிவான குண்டை வாங்கும் உரிமை உண்டு.

இந்த அறத்துக்குச் சாட்சிகள் இலர் என்பதும் கருதத்தக்கது. விளையாட்டுத் திடலில் நடுவர் உண்டு, பார்வையாளர் உண்டு. காட்டில் வேட்டைக்காரன் தனியன். அவனைப் பாராட்டவும் பழிக்கவும் எவரும் இல்லை. அவன் நடத்தையைத் தீர்மானிப்பது அவன் மனச்சான்றே என்னும் கருத்தை, 1949-ஆம் ஆண்டில் வெளிவந்த நூலொன்றில் அமெரிக்க இயற்கை அறிஞர் ஆல்டோ லியோபோல்டு எடுத்துரைத்துள்ளார். புண்பட்ட மானைத் தேட நியாயமான முயற்சி செய்ய வேண்டும் எனப் பல மாநிலங்களின் சட்டம் பணிக்கிறது. ஆனால், இருட்டில் எத்தனை நாழிகை தேடினான் என்பதை எந்தச் சட்டம் அளந்து பார்க்கும்?

பயிற்சியாலும் அடக்கத்தாலும் ஈடுசெய்ய இயலாத இடமும் ஒன்று உண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. மலிவான குண்டுகள் பெரும்பாலும் ஈயத்தால் ஆனவை; ஈயமோ நஞ்சு. குண்டின் துகள்கள் புண்ணைச் சூழ்ந்த இறைச்சியில் தங்கலாம். காட்டில் விட்டுவரும் குடலைத் தின்னும் கழுகுகளும் அந்நஞ்சுக்கு ஆளாகின்றன. நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவைக்கு 1991-ஆம் ஆண்டில் அமெரிக்கா முழுவதும் தடை வந்தது. கலிபோர்னியா மாநிலம் 2019-ஆம் ஆண்டு முதல் எல்லா வேட்டைக்கும் ஈயக் குண்டை விலக்கியது. செம்பினாலான குண்டு இத்தீங்கைத் தவிர்க்கும். ஆனால் அதன் விலை மிகுதி. புண்ணைச் சுற்றியுள்ள இறைச்சியைத் தாராளமாக வெட்டி நீக்குவதும், குடலை ஆழப் புதைப்பதும் வறியவன் செய்யக்கூடியவை. அவை தீங்கைக் குறைக்கும்; முற்றும் அகற்றா. இவ்விடத்தில் மலிவின் சுமை கழுகின்மேலும், அவ்விறைச்சியை உண்ணும் அவன் குழந்தைகள்மேலும் சிறிதேனும் விழுகிறது என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

இவை யாவும் ஒருபுறமிருக்க, கொல்வதே தவறாயிருக்கக் கொல்லும் கருவியின் தரத்தை ஆராய்வது எற்றுக்கு என்று வினவுவோர் உளர். தமிழ்மரபில் வளர்ந்தோர்க்கு இவ்வினா இயல்பாகவே எழும். வள்ளுவர் புலால் மறுத்தலுக்கும் கொல்லாமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தவர்; தின்பதற்காக உலகம் கொல்லாதாயின், விலைக்காக ஊன் விற்பாரும் இலர் என்னும் கருத்தை உணர்த்தியவர். அந்நெறியில் நிற்பவர்க்குத் தோட்டாக் கடையில் வேலையே இல்லை. அவர் நிலை உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும், அந்நெறியை ஏற்காதார் உலகில் பலர். அவர்களுக்கு அறமே இல்லை என்று கைவிட்டுவிடலாமா? கொல்பவனிடத்தும் துன்பத்தைக் கூட்டுபவன், குறைப்பவன் என்னும் வேற்றுமை உண்டு. அவ்வேற்றுமை ஆராய்ச்சியாளர்க்குச் சிறிதாகத் தோன்றலாம். அடிபடும் மானுக்கு அதுவே எல்லாம்.

மேலும், இறைச்சியைச் சந்தையில் வாங்கி உண்பவர் வேட்டைக்காரனைப் பழிக்குமுன் சற்றே எண்ணிப் பார்த்தல் நலம். கிலோவுக்குச் சில காசு குறைவு என்பதற்காக ஒரு கடையை விட்டு மறுகடைக்குச் செல்பவர், அக்குறைவு எங்கிருந்து வந்தது என்று கேட்பதுண்டா? நெருக்கமான கூண்டுகளில் வளர்ந்த கோழியின் துன்பமும் அவ்விலைக்குள் அடங்கியிருக்கலாம். வேட்டைக்காரன் தன் சிக்கனத்தின் விளைவை இரத்தத் தடமாகக் காண்கிறான். சந்தையில் வாங்குபவர் அதனைக் காண்பதில்லை. காணாமை குற்றமின்மை ஆகாது.

வெள்ளைவால் மானின் வரலாறும் இங்கே ஒரு பாடம் தருகிறது. வரைமுறையற்ற வாணிக வேட்டையாலும் காடழிப்பாலும், 1900-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் ஏறத்தாழ 5 இலட்சம் மான்களே எஞ்சியிருந்தன எனக் கணிக்கின்றனர். அக்காலத்தில் மான் ஊன் மலிவாக விற்கப்பட்டது. அம்மலிவின் விலையாக ஓரினமே அழிவின் விளிம்புக்குச் சென்றது. பின்னர்ச் சட்டங்கள் வந்தன. 1937-ஆம் ஆண்டில் நிறைவேறிய பிட்மன்–ராபர்ட்சன் சட்டத்தின்படி, வேட்டைத் துப்பாக்கிகள்மீதும் தோட்டாக்கள்மீதும் விதிக்கப்படும் 11 விழுக்காட்டு வரி, மாநிலங்களின் காட்டுயிர் நலனுக்குச் செலவிடப்படுகிறது. இன்று அம்மான்கள் ஏறத்தாழ 3 கோடி எனக் கணிக்கப்படுகின்றன. ஆகவே, மிக மலிவான குண்டின் விலைக்குள்ளும் மானுக்குரிய ஒரு பங்கு முன்னரே வைக்கப்பட்டுள்ளது. சட்டம் வசூலிக்கும் பங்கு அது. மனச்சான்று வசூலிக்கும் பங்கு வேறு. அதனைச் செலுத்தினானா என்பதை அவனே அறிவான்.

ஆகவே, குறைந்த விலைக்குண்டை வாங்குதல் பாவமும் அன்று. உயர்ந்த விலைக்குண்டை வாங்குதல் புண்ணியமும் அன்று. தன் துப்பாக்கிக்குப் பொருந்துவதைத் தேர்ந்து, கைப்பொருள் இடந்தரும் அளவுக்குப் பலமுறை பயின்று, அப்பயிற்சி காட்டிய எல்லைக்குள் நின்று சுடுபவன் மலிவாக வாங்கினாலும் எவர்க்கும் கடன்பட்டவன் ஆகான். இவற்றுள் எதனையும் செய்யாதவன், கடையிலேயே மிக உயர்ந்த பெட்டியை வாங்கினும் கடனாளியே. அவன் கடனைத் தீர்ப்பது மான்.

இது வேட்டைக்காரனுக்கு மட்டும் உரிய நீதி அன்று. சிக்கனத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், எவ்வளவு மிச்சமாயிற்று என்று கேட்பதோடு நில்லாமல், அம்மிச்சத்தை யார் கொடுத்தார் என்றும் மாணவனைக் கேட்கச் செய்தல் வேண்டும். தன் வசதியையும் தன் உழைப்பையும் குறைத்தும் கூட்டியும் பெற்றதாயின் அது சிக்கனம். வாய்பேச இயலாத ஓர் உயிரிடமிருந்து அதன் இசைவின்றிப் பெற்றதாயின், அதற்கு வேறு பெயர் உண்டு.